‘ஃபார்வர்டு வாத்தியார்’ என்றொரு கட்டுக்கதை

ஆசிரியர்கள் சமூக ஊடகத்தில் என்னதான் செய்கிறார்கள் என்று யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். தேவதானப்பட்டி டீக்கடையிலிருந்து சென்னை டிபிஐ வளாகம் வரை (பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் மாறிய பிறகும் வாய்க்கு வருவது டிபிஐதான்) ஒரே பதில் கிடைக்கும். காலையில் ரோஜாப்பூ வைத்த வணக்கம். பத்து மணிக்கு அகவிலைப்படி பற்றிய வதந்தி. மதியம் யாரோ அனுப்பிய சுற்றறிக்கையின் பிடிஎஃப். இரவில் ஒரு சங்கத்துக்காரரை இன்னொரு சங்கத்துக்காரர் வைவது. ‘வாத்தியார் கையில செல்லைக் குடுத்ததுதான் தப்பாப் போச்சு’ என்பார்கள் பெற்றோர். அதிகாரிகள் கொஞ்சம் நாசூக்காகச் சொல்வார்கள்: ஈடுபாடுள்ள ஆசிரியர்களைப் பார்க்க வேண்டுமானால் பயிற்சி முகாமுக்கு வாருங்கள், முகநூலில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள் என்று. வேடிக்கை என்னவென்றால் நல்ல ஆசிரியர்களில் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். குழுக்களை எல்லாம் மியூட்டில் போட்டிருப்பதை ஒரு தகுதியாகவே சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு என்பது என் கட்சி. ‘இரண்டு பக்கமும் நியாயம் உண்டு’ என்று நழுவுகிற உத்தேசம் எனக்கு இல்லை. சமூக ஊடகத்தில் அக்கறையுள்ள ஆசிரியர்களின் கூட்டம் இருக்கிறது. அது சிறியது, சத்தம் போடாதது, பெரும்பாலும் வெளியிலிருந்து பார்க்க முடியாதது. அதைப் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் செல்போனும் இல்லை, ஆசிரியரின் சோம்பலும் இல்லை. காரணம் யார் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அப்படி ஒரு கூட்டம் ஏன் தேவை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமலே முகாமா முகநூலா என்று வாதம் செய்துகொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊரான தேவதானப்பட்டியிலிருந்து மஞ்சளாறு அணைப் பக்கமோ, கொடைக்கானல் மலை ஏறுகிற காட்ரோட்டுப் பக்கமோ போனால் அடிவாரத்துச் சிற்றூர்களில் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இப்படிப்பட்ட பள்ளிக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். வகுப்பு ஐந்து, ஆள் இரண்டு. அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். அவருக்குப் பாதிப் பொழுது பதிவேட்டிலும், பள்ளி விவரங்களை ஏற்றுகிற எமிஸ் தளத்திலும் போய்விடும். நடுநிலை வகுப்புகளுக்கு அதே சட்டம் கேட்பது, கணக்குக்கும் அறிவியலுக்கும் சேர்த்துக் குறைந்தது ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர். ஆக, ஆறாம் வகுப்பில் பின்னத்தைக் கற்பிக்கிறவர் அந்தப் பள்ளியில் வேறு எவரிடமும் பின்னத்தைப் பற்றிப் பேச முடியாது. பக்கத்து அறையில் இருப்பவர் தமிழாசிரியர். நல்ல மனிதராக இருப்பார், டீ வாங்கித் தருவார். 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டச் சொன்னால் பிள்ளைகள் ஏன் 2/7 என்று எழுதுகிறார்கள் என்பதைப் பற்றி அவரிடம் என்ன பேசுவது? இந்தத் தனிமையை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. பள்ளிகளைச் சிற்றூர்தோறும் கொண்டுபோனதன் இயல்பான விளைவு அது. ஆனால் அது தனிமைதான்.

‘அதற்குத்தான் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது, உத்தமபாளையத்தில். தேவதானப்பட்டியில் பஸ் ஏறினால் பெரியகுளம் தாண்டி, தேனியில் இறங்கி மாறி, வீரபாண்டி, சின்னமனூர் எல்லாம் கடந்து போக வேண்டும். மாவட்டத்தின் ஒரு முனையில் நாங்கள், இன்னொரு முனைக்குப் பக்கத்தில் அது. ஆணை வந்தால் போகலாம், பயணப்படியும் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை மூன்றாவது பாடவேளையில் முளைத்த ஒரு சந்தேகத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது.

சந்தேகம் என்று சொல்லிவிட்டேன், அது எப்படி இருக்கும் என்பதையும் சொல்கிறேன். தசம எண் நடத்துகிறவர் எவரும் சந்திக்கிற ஒன்று: 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் வகுப்பில் கணிசமான பேர் 0.35 என்பார்கள். 35 நான்கைவிடப் பெரியதல்லவா, அதனால். உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்கிற பிழை இது. ஆசிரியர் சரியாக நடத்தவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு குழுவில் இப்படி ஒரு செய்தி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘சார், என் கிளாஸ்ல பாதிப் பேரு 0.35தான் பெருசுங்கிறாங்க. ரூபாய் பைசா வெச்சுச் சொல்லியும் ஏறல. என்ன பண்ணலாம்?’

பதில் சொல்கிறவர்களில் ஒருவர், ரூபாய் பைசாவே இந்த இடத்தில் ஆபத்து என்பார். பிள்ளை 0.35-ஐ 35 பைசா என்றும் 0.4-ஐ 4 பைசா என்றும் வாசிக்கும். பழைய பிழைக்கு நாமே முட்டுக்கொடுத்ததாகிவிடும். அதோடு 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் செல்லாது என்று 2011 ஜூனிலேயே ஆகிவிட்டது. இன்று ஏழாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை பைசாவைக் கண்ணால் கண்டதில்லை. இன்னொருவர் எண்கோட்டைச் சொல்வார், வேறொருவர் அளவுகோலில் மில்லிமீட்டரைச் சொல்வார். இந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தால், வடுகபட்டிப் பூண்டுக் கடைத் தராசைச் சொல்லக்கூடும்: மின்னணுத் தராசில் 350 கிராம் வைத்தால் 0.350 என்றும் 400 கிராம் வைத்தால் 0.400 என்றும் காட்டும். பூண்டு மூட்டைக்கு நடுவே வளர்கிற பிள்ளைக்கு எதில் பூண்டு அதிகம் என்று விளக்க வேண்டியதில்லை. 0.4-க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இரண்டு பூஜ்யங்கள் நிற்கின்றன என்பது அந்தத் திரையிலேயே இருக்கிறது. அதற்கும் மறுப்பு வரும். பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள் என்று விதியாகச் சொல்லிக்கொடுத்தால் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்ற இடமதிப்பு மனத்தில் பதியாமலே பிள்ளை விடையைச் சரியாகப் போட்டுவிடும் என்று ஒருவர் எச்சரிப்பார். அது நியாயமான எச்சரிக்கை.

இந்த உரையாடலுக்கு இருபது நிமிடம் போதும். பங்கெடுத்த ஐந்து பேரும் ஐந்து ஊரில் இருக்கலாம். இதை நடத்த இன்று இருக்கிற ஒரே இடம் ஆசிரியரின் சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருக்கிற செல்போன்தான். ‘ஃபார்வர்டு வாத்தியார்’ என்று சிரிக்கிறவர்கள் இதற்கு மாற்றாக எதைத் தருகிறார்கள் என்று சொல்லட்டும்.

அவர்கள் தருவது நேரடிச் சந்திப்பு. அனைவருக்கும் கல்வித் திட்டம் வந்த பிறகு ஏற்பட்ட குறுவள மையக் கூட்டங்கள் அதற்கான அமைப்பு. பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமை ஓரிடத்தில் கூடுவது என்பது அருமையான ஏற்பாடு. அதை எதிர்த்து ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நடப்பதைக் கொஞ்சம் நேர்மையாகப் பார்ப்போமே. தலைப்பு மேலிருந்து வருகிறது. அதே படக்காட்சி மாநிலம் முழுக்க ஓடுகிறது. ஆசிரியர் பயிற்றுநர் தமக்குச் சொல்லப்பட்டதைச் சொல்கிறார், கேட்கிறவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள், புகைப்படம் எடுத்து மேலே அனுப்பப்படுகிறது. ‘என் வகுப்பில் இது ஓடவில்லை’ என்று ஒருவர் எழுந்து சொன்னால், அதை எழுதிக்கொள்ள எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. நேரில் கூடினாலே சமூகம் ஆகிவிடும் என்றால், ரேஷன் கடை வரிசையும் சமூகம்தான். ஆட்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்களா, ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்களா என்பது இரண்டாவது கேள்வி. யார் கேள்வி கேட்கிறார்கள், அந்தக் கேள்வி வகுப்பறையிலிருந்து வந்ததா என்பதுதான் முதலாவது.

தூரத்தில் இருக்கிற ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டது செல்போன் வந்த பிறகு தொடங்கிய கதையும் அல்ல. பிரான்சின் தெற்கு மலைப்பகுதியில் பார்-சூர்-லூ என்ற சிற்றூரில் செலஸ்தன் ஃப்ரெனே என்று ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டுக் காயம். நீண்ட நேரம் பேசிப் பாடம் நடத்த முடியாது. 1924 வாக்கில் ஒரு சிறிய அச்சுப்பொறியை வாங்கி வகுப்பில் வைத்தார். பிள்ளைகள் தாங்களே எழுதி, எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அந்தத் தாள்களை அவர் நாட்டின் மறுமுனையில், பிரித்தானிக் கடற்கரையில் இருந்த இன்னோர் ஆசிரியருக்குத் தபாலில் அனுப்பினார். அங்கிருந்து மீன்பிடிக்கிற ஊர்ப் பிள்ளைகளின் தாள்கள் வந்தன. இரண்டு பேர் என்பது பிறகு ஓர் இயக்கமே ஆனது. பள்ளி ஆய்வாளர் கூட்டிய கூட்டத்தில் சந்தித்துக்கொண்டவர்கள் அல்லர் இவர்கள். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அவர் வழி பிடிக்காமல் போய், 1930களில் அரசுப் பள்ளியை விட்டே அவர் விலக நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எழுதுகிற ஆசிரியருக்குத் தொல்லை வருவது நம் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல.

நம் நாட்டிலேயே இன்னும் பெரிய சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் முன்னெடுத்தன. 1978-இல் மாவட்டம் முழுக்கப் பரவியது, 1982-இல் அதிலிருந்து ஏகலவ்யா நிறுவனம் பிறந்தது, 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது. முப்பதாண்டு ஓடிய அந்தத் திட்டத்தின் உயிர், சோதனைப் பெட்டியைவிட ஆசிரியர்களுக்கு இடையே ஓடிய பேச்சில் இருந்தது என்றே நான் படித்த அளவில் புரிந்துகொண்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை கூடினார்கள். அங்கே, போன மாதம் எந்தச் சோதனை சொதப்பியது என்று பேசினார்கள். கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில் ஓர் இதழ் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் ‘சவாலிராம்’ என்று ஒருவருக்குக் கடிதம் எழுதினார்கள். அப்படி ஓர் ஆளே கிடையாது, கற்பனைப் பெயர். ஆனால் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் போனது. கிராமத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியரும் டெல்லிப் பல்கலைக்கழகத்துக்காரரும் ஒரே கேள்வியில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், நேரடிச் சந்திப்புக்கும் தொலைவுப் பேச்சுக்கும் சண்டை மூட்டுகிறவர்கள் ஹோஷங்காபாத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டும் ஒன்றை ஒன்று வளர்த்தன. கடிதத்தில் தொடங்கியது கூட்டத்தில் முடிந்தது, கூட்டத்தில் மிஞ்சியது இதழில் ஏறியது. அந்தத் தபாலின் இடத்தில் இன்று வாட்ஸ்அப்பும் டெலிகிராமும் இருக்கின்றன. அந்த இதழின் இடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். அதற்கும் வருகிறேன்.

அப்படியானால் கண்ணில் படுவதெல்லாம் ரோஜாப்பூவும் சுற்றறிக்கையுமாக ஏன் இருக்கிறது? இங்கேதான் குற்றவாளியைத் தேடி வர வேண்டும். ஓர் அரசுப் பள்ளி ஆசிரியரின் போனை வாங்கிப் பாருங்கள். வட்டாரக் குழு, குறுவள மையக் குழு, எமிஸ் குழு, எண்ணும் எழுத்தும் குழு, தேர்தல் பணிக் குழு, காலை உணவுத் திட்டக் குழு. எல்லாம் அலுவல். வாட்ஸ்அப் நிறுவனம் 2018-இல் ஒரு வசதியைக் கொண்டுவந்தது: குழுவில் அட்மின் மட்டுமே எழுதலாம், மற்றவர் படிக்கலாம். நம் கல்வி நிர்வாகத்துக்கு அது தங்களுக்கென்றே செய்து கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. ‘இன்று மாலை 4 மணிக்குள் விவரம் அனுப்பவும், காலதாமதத்துக்குத் தலைமையாசிரியரே பொறுப்பு.’ பதிலாக ஒரு வரிகூட எழுத முடியாது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, 2021 நவம்பரில் தொடக்க வகுப்புகள் திறக்கும் வரை, பள்ளி முழுவதுமே போனுக்குள் குடியேறியது. பள்ளிகள் திறந்த பிறகும் அலுவலகம் போனை விட்டு வெளியே போகவில்லை. எமிஸ் பதிவு வேலையிலிருந்து விடுவியுங்கள் என்று சங்கங்கள் கேட்டுக்கேட்டு அலுத்ததை எல்லாரும் அறிவோம்.

இரவு ஒன்பது மணிக்கு ஒரு குழுவில் ‘அவசரம்’ என்று வந்து விழுந்தால், அந்தப் போனை எடுத்துப் பின்னத்தைப் பற்றிப் பேச எவருக்கு மனம் வரும்? போனை ஆணை வாங்குகிற கருவியாக மாற்றியது நிர்வாகம். மாற்றிவிட்டு, ‘ஆசிரியர்கள் போனில் கல்வியைப் பற்றிப் பேசுவதில்லையே’ என்று அங்கலாய்ப்பதும் நிர்வாகம். இதில் ஆசிரியரைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

இன்னொன்று பயம். 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் அரசை வெளிப்படையாக விமர்சிப்பதற்குத் தடை போட்டிருக்கின்றன. செய்தித்தாளையும் மேடைப் பேச்சையும் மனத்தில் வைத்து எழுதிய விதி. இன்று ஒரு முகநூல் பதிவுக்கும் அதுதான் அளவு. 2022 மார்ச்சில் சென்னையை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியின் ஆசிரியை, கல்வித் துறையின் திட்டங்களைப் பற்றி முகநூலில் விமர்சித்து எழுதியதற்காகத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். செய்தி வந்த அன்றே மாநிலத்தின் எத்தனை ஆசிரியர்கள் தங்கள் பழைய பதிவுகளைத் தேடி அழித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு திட்டம் வகுப்பில் ஓடவில்லை என்று சொல்வது ஆசிரியத் தொழிலின் அன்றாடப் பேச்சு. மருத்துவர் ஒருவர் இந்த மருந்து இந்த நோயாளிக்குக் கேட்கவில்லை என்று இன்னொரு மருத்துவரிடம் சொல்வது அரசு விரோதம் ஆகாது. எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூலில் இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கடினமாக இருக்கிறது என்று ஆசிரியர் பொதுவில் எழுதினால், அது விமர்சனமா தொழில் பேச்சா? எழுதுகிறவருக்குத் தெரியாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலே அனுப்புகிறவர் முடிவு செய்வார்.

விளைவு, பேச விஷயம் இருக்கிறவர்கள் பொதுவெளியிலிருந்து உள்ளே போய்விட்டார்கள். எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்கள். பெயர்கூடச் சாதாரணமாக இருக்கும், ‘கணக்கு நண்பர்கள்’ என்பதுபோல. ஒருவர் சொல்லித்தான் இன்னொருவர் சேர முடியும். பொதுவெளியில் மிஞ்சியிருப்பவை ரோஜாப்பூவும் அகவிலைப்படியும். வெளியே நின்று பார்க்கிறவர் அதை மட்டும் பார்த்துவிட்டு உள்ளே ஒன்றுமில்லை என்கிறார். எங்கள் ஊர் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவு திறப்பதே இல்லை. அடைத்த கதவுக்குத்தான் பூசை, அந்தக் கதவைக் கும்பிடத்தான் சிவராத்திரிக்கு அவ்வளவு கூட்டம். கதவு சாத்தியிருக்கிறது, ஆகவே உள்ளே அம்மன் இல்லை என்று தேவதானப்பட்டியில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் எதிர்த்தரப்பின் ஒரு குற்றச்சாட்டை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன், சொல்லப்போனால் அவர்களைவிடக் கடுமையாகவே. அது ரீல்ஸ். வகுப்பில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பாட்டுப் போட்டு, ஆட வைத்து, முகம் தெரிய வீடியோ எடுத்துப் போடுகிற ஆசிரியர்கள் பெருகிவிட்டார்கள். லட்சக்கணக்கில் பார்வைகள், ‘இப்படி ஒரு டீச்சர் எனக்குக் கிடைக்கலையே’ என்று கீழே பாராட்டு. அந்த வீடியோவில் பிள்ளை என்ன கற்றது என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. தப்பாகப் படிக்கிற பிள்ளையைப் படம் எடுத்து ஊர் சிரிக்கப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு நான் மன்னிப்பே தர மாட்டேன். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நல்லாசிரியர் விருது விண்ணப்பத்தோடு சேர்ப்பதற்காகவே நடத்தப்படும் பக்கங்களும், கடைசியில் கைடு விற்பனையில் போய் முடிகிற ‘கல்விச் சேவை’களும் தனி ரகம்.

இவர்கள் இருப்பதால் மற்றவர்கள் இல்லை என்று ஆகுமா? பத்திரிகை உலகில் மஞ்சள் பத்திரிகை இருப்பதால் பத்திரிகையே வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. முகநூலும் இன்ஸ்டாகிராமும் எதை முன்னால் தள்ளுகின்றன என்பது அந்த நிறுவனங்களின் வியாபாரம். ஒரு பிள்ளையின் நோட்டில் 305-ஐ 3005 என்று எழுதியிருப்பதைப் படம் பிடித்து, ‘முந்நூற்று ஐந்து என்று கேட்டதும் 300 எழுதிப் பக்கத்தில் 5 போடுகிறாள், எப்படி மாற்றுவது’ என்று கேட்டால் அதற்குப் பதினோரு லைக் விழும். பிள்ளை ஆடினால் பதினோரு லட்சம். லைக் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் சமூகத்தை அளக்கிறவர்கள் அந்த வியாபாரத்தின் கணக்கைத் தங்கள் கணக்காக எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

தேடத் தெரிந்தால் அந்தப் பதினோரு பேரில்தான் ஆள் கிடைப்பார்கள். நான் தேடுகிற முறை சாதாரணமானது. தன் வகுப்பில் சரியாக வராத ஒன்றைப் பற்றி எழுதுகிறவரைக் கவனிப்பேன். வெற்றிக் கதை மட்டுமே எழுதுகிறவரைக் கடந்து போய்விடுவேன். பதிவைவிடப் பின்னூட்டத்தைப் படிப்பேன். ‘அருமை சார்’ என்று இருபது பேர் எழுதிய இடத்தில், ‘நான் செய்து பார்த்தேன், இரண்டாம் படியில் பிள்ளைகள் குழம்பிவிட்டார்கள்’ என்று ஒருவர் எழுதியிருப்பார். அவர்தான் ஆள். அவருக்குத் தனியாக ஒரு செய்தி, அதுவும் குசலம் விசாரிப்பாக இல்லாமல் குறிப்பான ஒரு கேள்வியோடு. பதில் உடனே வராவிட்டாலும் பரவாயில்லை; வகுப்பில் செய்து பார்த்துவிட்டு நான்கு நாள் கழித்து எழுதுகிறவர், உடனே கைகூப்புப் படம் அனுப்புகிறவரைவிட மேல். பிறகு மூன்றாவது ஆள் தானாக வருவார். குழு பெரிதாகக் கூடாது என்பது என் பிடிவாதம். வாட்ஸ்அப் குழுவின் வரம்பு 256-ஆக இருந்து 2022-இல் 1024-ஆக உயர்ந்தபோது பலர் மகிழ்ந்தார்கள். ஆயிரம் பேருக்கு முன்னால் ‘எனக்கு இது நடத்த வரவில்லை’ என்று எந்த ஆசிரியரும் வாய் திறக்க மாட்டார்.

சிறு குழுவுக்கு ஒரு நோய் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பேசியது நிற்காது. தராசைப் பற்றிய அந்த நல்ல யோசனை அடுத்த வாரம் சம்பளப் பட்டியல் பேச்சுக்குக் கீழே புதைந்துவிடும். அடுத்த ஆண்டு அதே கேள்வியை வேறொருவர் கேட்பார், அதே பதிலைத் தட்டச்ச வேண்டும். தளமே மூடிப்போவதும் உண்டு. ஆர்குட் 2014-இல் போனது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுப் பயனர்களுக்கு மூடப்பட்டது, அதில் இருந்த குழுக்களும் அதோடு போயின. அமெரிக்க ஆசிரியர்கள் 2009 முதல் ட்விட்டரில் வாரா வாரம் ஒரு தலைப்பில் கூடிப் பேசி வந்தார்கள். அந்தத் தளம் 2022-இல் கைமாறிய பிறகு பலர் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். ஹோஷங்காபாத் ஆசிரியர்களுக்கு இருந்த இதழைப் போல நமக்கு ஒன்று இல்லை; அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று முன்பு கவலைப்பட்டது இதைத்தான்.

இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2017-இல் பள்ளிக் கல்வித் துறையே முன்வந்து, மாவட்டந்தோறும் ஆசிரியர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதப் பயிற்சி கொடுத்தது. அதே ஆண்டு மே மாதத்தில் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. பயிற்சிக்கு வந்தவர்களில் பலர் ஓரிரு கட்டுரையோடு நின்றுவிட்டார்கள்; அது எந்தப் பயிற்சியிலும் நடப்பதுதான். ஆனால் அங்கே எழுதியது அழியவில்லை. எழுதியதை முகம் தெரியாத ஒருவர் திருத்தினார், உரையாடல் பக்கத்தில் காரணம் கேட்கலாம், திருப்பித் திருத்தலாம். ஆசிரியர் எழுதியதைத் திருத்துகிற உரிமை அதிகாரியிடமிருந்து சக ஆளிடம் போன அபூர்வமான இடம் அது. ஆணையில் தொடங்கிய ஒன்றுகூட அப்படி மாற முடியும் என்றால், அதைத் தொடர்ந்து நடத்தாமல் விட்டது யாருடைய குறை என்பதை ‘ஃபார்வர்டு’ விமர்சகர்கள் விளக்க வேண்டும்.

அண்மையில் இன்னொரு சான்றும் கிடைத்தது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் மீதமிருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பின் நியாயம் வேறு கட்டுரைக்கான பொருள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, இருபதாண்டு பாடம் நடத்தியவர்கள் இரவில் கூட்டாக உட்கார்ந்து படிக்கக் குழுக்களைத் தேடிக்கொண்டார்கள். குழந்தை வளர்ச்சி, உளவியல் என்று வினாக்களைப் பகிர்ந்துகொண்டார்கள். நடுவில் வினா வங்கி விற்கிறவர்களும் புகுந்தார்கள். ஆசிரியர்கள் போனில் கல்வியைப் பற்றிப் பேசவே மாட்டார்கள் என்றவர்கள் இப்போது ‘தேர்வுக்காகத்தானே பேசுகிறார்கள்’ என்கிறார்கள். இருக்கட்டும். வேண்டும் என்று வந்தால் தேடிக்கொள்ளத் தெரியும் என்பதாவது நிலைநாட்டப்பட்டது.

‘சரி, எத்தனை பேர் தேறுவார்கள்?’ என்பது கடைசியாக வருகிற கேள்வி, வழக்கமாக ஒரு நக்கலோடு. எத்தனை பேர் வேண்டும்? ஹோஷங்காபாத்தில் தொடங்கியது 16 பள்ளிகளில். பார்-சூர்-லூவில் தொடங்கியது ஒரே ஆள், தபாலில் இரண்டாவது ஆள். பெரியகுளம் வட்டாரத்தில் நாலு பேர், ஆண்டிபட்டியில் இரண்டு பேர், கம்பத்தில் மூன்று பேர் என்று கிடைத்தால் அது போதும். அதற்கு மேல் இருந்தால் மறுபடி அட்மின் வேண்டியிருக்கும்.

கல்வித் துறை இதற்காகச் செலவு செய்ய வேண்டியது எதுவும் இல்லை. வட்டாரத்துக்கு ஒரு குழுவில் மட்டும் ‘அட்மின் மட்டும் எழுதலாம்’ என்பதை எடுத்துவிடட்டும். அந்தக் குழுவில் சுற்றறிக்கை போடக் கூடாது, அங்கே எழுதியதை வைத்து எவர்மீதும் நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் கொடுக்கட்டும். முதல் வாரம் ரோஜாப்பூதான் வரும். இரண்டாம் வாரம் ஈட்டிய விடுப்பைப் பற்றி யாராவது கேட்பார்கள், அதற்கு நாற்பது பதில் வரும், அதிகாரிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். கலைத்துவிடாமல் பொறுத்திருந்தால், பிறகு ஒருநாள் யாரோ ஒரு டீச்சர் 3005 என்று எழுதிய நோட்டை, பிள்ளையின் பெயரை விரலால் மறைத்துப் படம் எடுத்துப் போடுவார். அதற்கு யார் யார் பதில் எழுதுகிறார்கள் என்று பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த குறுவள மையக் கூட்டத்தை அவர்களிடம் ஒப்படைக்கலாம்.